தெளிந்த நீரும் தூய நீரும்

நுழையும்முன்

சித்தூரின் ஆழ்துளைக் கிணற்று நீர், திருப்பதியின் குழாய் நீர், சூலூர்பேட்டையை அடுத்த கடலோரச் சிற்றூரின் கைக்குழாய் நீர் ஆகிய மூன்றையும் மூன்று கண்ணாடிக் குவளைகளில் நிரப்பி வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. மூன்றும் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். ஆயினும் அவற்றில் இருக்கக்கூடிய குற்றங்கள் வெவ்வேறானவை. ஒன்றற்கு ஏற்ற தீர்வு மற்றொன்றற்குப் பயன்படாது. நீரின் குற்றத்தை அறிந்து அதற்குரிய வழியை மேற்கொள்வது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூவகை நிலம்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தில் புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டன. அப்போது பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. அதனால் மலையடிவாரத்து நகரமான திருப்பதியும், வங்கக் கடலை ஒட்டிய சூலூர்பேட்டைப் பகுதியும் ஒரே மாவட்டத்துள் அடங்கின.

மேற்கே சித்தூர்ப் பகுதி கருங்கல் நிலம். அங்கு மக்கள் பெரிதும் நிலத்தடி நீரை நம்பியுள்ளனர். நடுவே உள்ள திருப்பதி நகருக்குக் கல்யாணி அணையின் நீரும், கண்டலேறு நீர்த்தேக்கத்தின் வழியே வரும் தெலுங்கு கங்கை நீரும் கிடைக்கின்றன. கிழக்கே காளங்கி ஆற்றின் கரையில் சூலூர்பேட்டை உள்ளது. அதற்கும் கடலுக்கும் இடையே பழவேற்காடு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டா தீவும் உள்ளன. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடே ஆகும்.

கடலோரத்தில் உவர்நீர் ஏறுதல்

கடற்கரை மணலைத் தோண்டினால் சில அடி ஆழத்திலேயே நன்னீர் ஊறுவதுண்டு. கடல் நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. எனவே மழையால் மண்ணுள் இறங்கிய நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரத்திற்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் கண்ட கணக்கு.

இக்கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மிகுதியாக நீரை இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் ஏறத்தாழ 20 மீட்டர் மேலேறக்கூடும். மேலே சிறிது குறைந்தால் கீழே பல மடங்கு இழக்க நேரிடுகிறது. ஒருமுறை உவர்ப்பேறிய கிணற்றை மீட்கப் பல ஆண்டு மழை வேண்டும். கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது தீர்வாகாது. அது உவர்நீரை நெருங்கும் வழியே ஆகும். கடலோர ஊர்களில் அளவோடு இறைப்பதும், குளங்களைத் தூர்வாரி மழைநீரை மண்ணுள் இறக்குவதும்தான் நன்னீரைக் காக்கும் அரண்.

பாறை தரும் குற்றம்

உவர்ப்பை நாக்கு காட்டிக் கொடுக்கும். ஃபுளோரைடை நாக்கும் அறியாது; கண்ணும் அறியாது. கருங்கல் முதலிய சில பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது நீண்ட காலம் நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், ஒரு லிட்டர் நீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் இருப்பதே ஏற்கத்தக்கது எனக் கூறுகிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அது இசைவளிக்கிறது. அளவு மிகுந்தால் வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பல்லாண்டு பருகினால் எலும்புகள் இறுகி உடல் வளையும்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1937ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. மருத்துவ அறிஞர் ஷார்ட்டும் அவர்தம் குழுவினரும் அதனை ஆய்ந்து வெளியிட்டனர். பின்னர் நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் தூளும் சேர்த்து நீரிலுள்ள ஃபுளோரைடைக் குறைக்கும் முறையை உருவாக்கியது. அது நல்கொண்டா முறை எனப்படுகிறது. எவ்வளவு சேர்ப்பது என்பதை நீரைச் சோதித்த பின்னரே முடிவு செய்ய இயலும்.

கண்ணுக்குப் புலப்படா உயிர்கள்

ஆற்று நீரும் அணை நீரும் மழைக்காலத்தில் கலங்கி வரும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைப்பது தமிழரின் பழைய வழக்கம். கலித்தொகையிலும் இதனைக் குறிக்கும் உவமை உண்டு. ஆனால், தெளிவித்தல் வேறு, தூய்மையாக்கல் வேறு. சேறு அடியில் படிந்த பின்னரும் நோய்க்கிருமிகள் நீரில் எஞ்சியிருக்கக்கூடும்.

1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியது. பிராட் தெருக் குழாயின் நீரைப் பருகியோரே பெரிதும் நோயுற்றனர் என்பதை மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாகக் கேட்டு அறிந்தார். அக்குழாய் நீர் சுவையானது என்று பெயர் பெற்றது. தொலைவில் வாழ்ந்த முதிய பெண்மணி ஒருவர் அச்சுவை கருதியே அந்நீரை வருவித்துப் பருகி மாண்டார். நாவின் சுவை நீரின் தூய்மைக்குச் சான்றாகாது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 1884ஆம் ஆண்டு இராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆய்வு செய்து, மக்கள் பயன்படுத்திய குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டார்.

குழாய் நீரும் வழியில் மாசுபடலாம். நீர் வராத வேளையில் குழாய் வெற்றாக இருக்கும். அப்போது விரிசல்களின் வழியே அருகிலுள்ள கழிவுநீர் உள்ளே கசியும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் அக்கழிவு இன்னும் விரைவாக உள்ளே இழுக்கப்படும். ஒரு வீட்டின் அவசரம் தெரு முழுவதற்கும் நோயைக் கொண்டுவரலாம். ஆகவே முதலில் வரும் நீரைக் குடிக்கப் பிடிக்காமல், துணி துவைப்பதற்கோ வாசல் தெளிப்பதற்கோ பயன்படுத்துவது நன்று.

குழாய் நீரில் மெல்லிய குளோரின் மணம் வீசினால் பலர் முகம் சுளிப்பர். ஆனால் அம்மணம், நீருக்குக் காவல் இருப்பதன் அடையாளம். கிருமிகளை அழித்தபின் ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி.

காய்ச்சினால் போவதும் போகாததும்

நீரைக் காய்ச்சினால் எல்லாக் குற்றமும் நீங்கிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். நீர் கொப்புளித்துக் கொதிக்கும்போது கிருமிகள் அழிகின்றன. ஆனால் உப்பும், ஃபுளோரைடும், நைட்ரேட்டும் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடுகிறது.

உரமும் கழிவும் கலந்த கிணறுகளில் நைட்ரேட்டு மிகும். அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். நைட்ரேட்டு மிகுந்த நீரில் பால்மாவைக் கரைத்துப் புகட்டினால் கைக்குழந்தையின் குருதி உயிர்க்காற்றை ஏந்தும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயும். தாய் அன்போடு நெடுநேரம் காய்ச்சிய நீரே குழந்தைக்குத் தீங்காய் முடியலாம். சோதனை வேண்டும் என்பதற்கு இதனினும் வலுவான காரணம் இல்லை.

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி கரைந்த உப்புகளை நீக்கும். ஆனால் அது ஒரு பங்கு நீரைத் தருவதற்கு அதனினும் மிகுதியான நீரைக் கழிவாக வெளியேற்றக்கூடும். எனவே உப்போ ஃபுளோரைடோ நைட்ரேட்டோ மிகாத வீட்டிற்கு அது தேவையற்றது. கிருமி நீக்கமே போதும்.

2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்ப் பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரை ஆராயும் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஐயம் எழுந்தால் நீரை ஆய்வகத்திற்கு அனுப்பலாம்.

குடத்திற்கு வந்த பின்

நல்ல நீரும் வீட்டிற்குள் கெடுவதுண்டு. குடத்தில் கையோடு குவளையை அமிழ்த்தி மொள்ளும்போது விரல்களின் அழுக்கு நீரில் கலக்கிறது. நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையையோ குழாய் பொருத்திய பானையையோ பயன்படுத்துவது இதைத் தடுக்கும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் பெருகும். அதன் முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். ஆகையால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மூட வேண்டும்.

நீர் சார்ந்த பிற இடர்களும் வீட்டில் உண்டு. தவழும் குழந்தை ஒரு வாளி நீரிலும் மூழ்கக்கூடும். நிலத்தடித் தொட்டியின் மூடி எப்போதும் பூட்டியிருத்தல் வேண்டும். நெடுநாள் மூடிய தொட்டிக்குள் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம். தனியே இறங்குவது உயிருக்கு ஊறு விளைக்கும். ஈரக் கையால் மோட்டார் விசையைத் தொடலாகாது. பிளீச்சிங் தூளோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளி எழும். மண்ணெண்ணெயையோ அமிலத்தையோ குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பெருந்தவறு.

நினைவில் கொள்க

உவர்ப்பு: அளவோடு இறைத்தல், மழைநீர் சேமித்தல், உப்பு நீக்கும் கருவி.
ஃபுளோரைடு: சோதனை, நல்கொண்டா முறை அல்லது வேறு நீர்.
நைட்ரேட்டு: காய்ச்சுதல் பயன்படாது, வேறு நீர் தேடுக.
கிருமி: காய்ச்சுதல் அல்லது குளோரின் சேர்த்தல்.
கலங்கல்: தெளியவைத்து வடிகட்டிய பின் கிருமி நீக்குக.

சொல்லும் பொருளும்

அரண் – பாதுகாப்பு
உவர்நீர் – உப்பு நீர்
ஊறு – தீங்கு
செறிவு – அடர்த்தி
மொள்ளுதல் – முகந்தெடுத்தல்
வாந்திபேதி – காலரா

மதிப்பீடு

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட்டின் வரம்பு ______ மில்லிகிராம்.
2. ஃபுளோரைடைக் குறைக்கும் முறை ______ எனப்படும்.

ஆ) சரியா, தவறா எனக் கூறுக.
1. நீரைக் காய்ச்சினால் உப்பு நீங்கிவிடும்.
2. கடல் நீரைவிட நன்னீர் எடை குறைந்தது.

இ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கடலோரக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது ஏன் தீர்வாகாது?
2. தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்துவதால் விளையும் தீமை யாது?

ஈ) பிரித்து எழுதுக.
1. நன்னீர் 2. நோய்க்கிருமி 3. கண்ணாடிக்குவளை

உ) கற்பவை கற்றபின்
வீட்டிற்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு சேமிக்கப்படுகிறது, எப்போது சோதிக்கப்பட்டது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு அறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.