சத்தத்துக்கும் அளவு உண்டு

அரிசியைக் கிலோவில் நிறுக்கிறோம். பாலை லிட்டரில் அளக்கிறோம். துணியை மீட்டரில் அளக்கிறோம். சத்தத்தை எதில் அளப்பது?

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் நினைவாக வந்த பெயர் இது.

சில அளவுகளைப் படியுங்கள்.

காதோடு சொல்லும் ரகசியம் – சுமார் 30 டெசிபல்
சாதாரணப் பேச்சு – சுமார் 60
நெரிசலான சாலை – சுமார் 80
பவர் பிரஸ் ஓடும் பட்டறை – 90 முதல் 100
துப்பாக்கி வெடி, சுடுபவர் காதருகே – சுமார் 160

டெசிபல் கணக்கு

10 கிலோ அரிசியோடு 10 கிலோ சேர்த்தால் 20 கிலோ. டெசிபல் கணக்கு அப்படி இல்லை. ஓர் இயந்திரத்தின் சத்தம் 90. அதே போல் இன்னொன்றையும் ஓட்டினால் 180 ஆகாது. 93 தான் ஆகும். பத்து இயந்திரம் ஓடினால் 100 ஆகும்.

ஏன்? 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு ஆகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1000 மடங்கு. ஆனால் 10 டெசிபல் கூடும்போது நம் காதுக்கு இரண்டு மடங்கு போலத்தான் தெரியும். ஆகவே, ஆபத்து நமக்குத் தெரிவதைவிடப் பெரியது.

துப்பாக்கிக்கு சைலன்சர்

சினிமாவில் சைலன்சர் போட்ட துப்பாக்கி 'டப்' என்று மெல்ல ஒலிக்கும். பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அது உண்மையா?

சுடும்போது சூடான வாயு குழாயிலிருந்து சீறி வருகிறது. சைலன்சருக்குள் சிறு சிறு அறைகள் உண்டு. வாயு அவற்றில் விரிந்து, குளிர்ந்து, மெதுவாக வெளியேறும். ஆட்டோ ரிக்‌ஷாவின் சைலன்சரும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது.

இதனால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். 160-இல் 30 போனால் மீதி 130. ஒலியின் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. ஆனாலும் 130 சின்னச் சத்தம் அல்ல. பட்டாசு வெடித்தால், 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மேலும், ஒலியைவிட வேகமாகப் பாயும் குண்டு காற்றைக் கிழித்துச் சத்தமிடும். அதை சைலன்சர் தடுக்காது. சத்தம் குறையும், ஒழியாது.

நம் காது

துப்பாக்கி நம் கையில் இல்லை. ஆனால் தாணே வாக்ளே எஸ்டேட் போன்ற இடங்களில் பட்டறை வேலை செய்பவர்கள் நம்மில் பலர். காதின் உட்புறத்தில் மிக நுண்ணிய மயிரிழைகள் உண்டு. 85 டெசிபலுக்கு மேல் தினமும் பல மணி நேரம் கேட்டால் அவை மெல்ல மெல்லச் சாகும். செத்தால் மீண்டும் முளைக்காது. வலி இராது. முதலில் மெல்லிய குரல்கள் கேட்காமல் போகும். காதுக்குள் 'கொய்ங்' என்று ரீங்காரம் வரும்.

பஞ்சு போதாது. காதடைப்பான் கேளுங்கள். சரியாகப் போட்டால் 15 முதல் 20 டெசிபல் வரை குறையும். காது மந்தமானால் ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழில் நோயாகச் சட்டம் ஏற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் இருக்கலாம். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

தாணேயைச் சேர்ந்த டாக்டர் மகேஷ் பேடேகர் 2010-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2016 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒலிபெருக்கி வைப்பது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது நீதிமன்றம். 2025 ஜனவரியில் வேறொரு வழக்கிலும் அதே நீதிமன்றம் ஓர் உத்தரவு இட்டது. புகார் செய்பவர் யார் என்பதைப் போலீசார் வெளியிடக் கூடாது என்றது. எனவே பயப்படாமல் புகார் செய்யலாம்.

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: 20 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி ______ மடங்கு ஆகும்.
2. 100 டெசிபல் பட்டறையில் 20 டெசிபல் குறைக்கும் காதடைப்பான் போட்டால், காதுக்கு எட்டுவது எவ்வளவு?
3. உங்கள் தெருவில் இரவு 10 மணிக்கு மேல் எந்தச் சத்தம் அதிகம்? கலந்து பேசுங்கள்.