அடித்தல் திருத்தல்

கண்ணு, ஒரு ரெக்கார்டில் எந்தெந்த ஃபீல்டை ஆள் மாற்றினார் என்று கண்டுபிடிக்கும் வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்களாமே. சின்ன வேலை என்று எண்ணிவிடாதே. நான் இதில் பலமுறை சறுக்கியவன்.

1. பழையதைப் பத்திரமாக வை. திரையில் ரெக்கார்டு திறந்ததுமே அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள். சேவ் அழுத்தும்போது ஒவ்வொரு ஃபீல்டாக ஒத்துப்பார். கையால் எழுதிய பதிவேட்டைப் பார்த்திருப்பாயே! தப்பைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். பழைய எண் தெரிகிறாற்போல ஒரு சிவப்புக் கோடு, மேலே புது எண், ஓரத்தில் சுருக்கொப்பம். எனக்கு முதல் குரு அந்தச் சிவப்புக் கோடுதான்.

2. தொட்டது வேறு, மாற்றியது வேறு. ஒருவர் ஓர் எழுத்தை அழித்துவிட்டுத் திரும்ப அதையே அடிக்கலாம். விசை அழுத்தியதை வைத்து ஆள்மேல் பழி போடாதே. 0.40 ஹெக்டேரும் 0.4 ஹெக்டேரும் ஒரே நிலம்தான்.

3. வெற்றிடத்துக்குப் பயப்படு. எஸ்க்யூஎல்லில் வெற்றிடத்தைக் குறிக்கும் ‘நல்’ என்பதை எதனோடு ஒப்பிட்டாலும் உண்மை என்றும் வராது, பொய் என்றும் வராது. காலியாக இருந்த கைபேசி எண்ணை ஒருவர் புதிதாக நிரப்பினால், வெறும் ‘சமமில்லை’ குறி வைத்த டிரிக்கர் வாயே திறக்காது. மாதக்கணக்கில் அப்படித்தான் கோட்டை விட்டேன். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே ‘இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ இருக்கிறது.

4. தமிழ் எழுத்தைக் கண்ணால் நம்பாதே. ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் உற்றுப் பார். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும். கணினிக்கு இவர்கள் இரண்டு பெண்கள். ‘கொ’வையும் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாகவோ சேமிக்கலாம், யூனிகோட் சீராக்கம் செய்தால் அது சரியாகும். கௌரிக்கு அதுவும் உதவாது. அவளுக்குத் தனியாக விதி எழுத வேண்டும்.

5. யார் மாற்றியது என்று கேள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எங்கள் டேபிளில் மாவட்ட ஃபீல்டை ஒரே கட்டளையில் மாற்றினேன். மறுநாள் மாற்றப் பட்டியலைத் திறந்தால், அந்த மாவட்டத்துக் கல்வராயன்மலை மக்கள் மொத்தமும் ஒரே இரவில் வந்து முகவரி திருத்தியதுபோல நிற்கிறது! நிஜமாகவே வந்து திருத்தியவர்கள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போனார்கள். மனிதர் செய்ததா, நிரல் செய்ததா என்று எழுத ஒரு ஃபீல்டு வைத்திருந்தால் போதும். சோம்பல், வேறென்ன.

6. மாறியதை மட்டும் அனுப்பு. வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் கிடைக்காத ஊர்களில் டேப்லெட்டில் பதிந்துகொண்டு, கச்சிராயபாளையம் இறங்கியபிறகு அனுப்பினான் ஒரு பையன். அதற்குள் கீழே அலுவலகத்தில் ஓர் அம்மாள் பஸ் ஏறி வந்து, தன் பெயரில் இருந்த பிழையைத் திருத்திப் போயிருந்தார். அதே அம்மாளின் ரெக்கார்டில் பையன் மாற்றியது வீட்டு எண் மட்டும். என் நிரலோ முழு ரெக்கார்டையும் கொண்டுபோய்க் கொட்டியது. பழைய பெயர் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மாள் மறுபடி மலையிறங்கி வந்தார். ‘போன வாரந்தானே சாமி மாத்திக் குடுத்தீங்க’ என்றார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். என்னிடம் வேறு பதில் இல்லை.