போதையினின்று மீளும் நர்ஸுக்குக் கிராமத்தில் வேலை

ஆஸ்பத்திரியில் நோவு தணிக்கக் கொடுக்கும் பெத்திடின், பெந்தசோசின் முதலிய ஊசி மருந்துகள் அபினியின் குணம் உடையவை. இரவும் பகலும் மாறி மாறி உழைத்து, முதுகுவலியோடும் தூக்கமின்மையோடும் போராடும் நர்ஸ் ஒருவர் என்றோ ஒருநாள் தமக்கே ஓர் ஊசி போட்டுக்கொள்கிறார். பழக்கம் அங்கே வேரூன்றிவிடுகிறது. மதுவினால் இந்நிலையை அடைவோரும் உண்டு. இதனை நோயென்றே கொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைகளை மனநோயின் இலக்கணத்துள் அடக்கியிருக்கிறது.

சிகிச்சை பெற்றுத் திரும்பிய அத்தகைய ஒருவர், பழைய வார்டுக்குப் போக அஞ்சி, திருவண்ணாமலை வட்டாரத்துக் கிராமமொன்றில் வேலை நாடி வருகிறார் எனக் கொள்வோம். பஞ்சாயத்தார் யாது செய்வது? விரட்டினால் பயிற்சி பெற்ற கைகள் வீணாகும். ஆராயாது ஏற்றால் நோயாளிக்கும் கேடு, அவருக்கும் கேடு.

ஆஸ்பத்திரிக்கு வெளியே சென்றாலே சோதனை நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஆஸ்பத்திரியில் இம்மருந்துகளுக்குப் பதிவேடு உண்டு. உடன் கையெழுத்திட ஒருவர் உண்டு. புற்றுநோயாளியின் வீட்டிலோ மார்பின் மாத்திரைகள் தலைமாட்டிலேயே கிடக்கும். எண்ணிப் பார்ப்பார் இலர். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நர்ஸுகள் வீடு தேடிச் சென்று இத்தகைய நோயாளரைப் பேணுகின்றனர். மிக உயர்ந்த பணிதான். எனினும் இப்போதுதான் மீண்டவர் முதலில் ஏற்கத் தக்கதன்று.

அவருக்கு ஏற்றவை வேறு. நீரிழிவு உள்ள உழவர் வெறுங்காலுடன் வயலில் இறங்குகிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் முள் தைத்தது தெரிவதில்லை. புண் முற்றிக் காலையே இழக்க நேர்கிறது. வாரந்தோறும் பாதங்களைப் பார்த்து, புண்ணைக் கழுவிக் கட்டும் நர்ஸ் ஒருவர் ஊரில் இருந்தால் எத்தனையோ கால்கள் தப்பும். இவ்வேலைக்குப் போதை மருந்து எதுவும் வேண்டா. இரத்த அழுத்தம் பார்த்தல், முதியோர் இல்லப் பணி, ஜவ்வாது மலை உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம் பேணுதல் ஆகியனவும் அத்தகையவே. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர்க்கு முதலுதவி செய்யும் முகாம்களும் உண்டு. ஆனால் கிரிவலக் கூட்டம் இரவில்தான் பெருகும். உறக்கம் கெடுவது இவருக்கு ஆகாது. மாலைப்பொழுதோடு அவரை அனுப்பிவிடுவது நலம். முகாமில் ஊதியம் கிடைக்காமலும் போகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு வெளிநாட்டில் முன்மாதிரி உண்டு. அமெரிக்க நர்ஸுகள் சங்கம் 1982-இல் இப்பிரச்சினை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. மறு ஆண்டே பிளாரிடா மாநிலம், இத்தகையோரைச் சிகிச்சையில் சேர்த்துக் கண்காணிப்புடன் பணிக்குத் திருப்பும் ஏற்பாட்டைச் செய்தது. அவ்வகை ஏற்பாடுகளில் மருந்துச் சாவி பிறர் கையில் இருக்கும். இரவுப் பணி தவிர்க்கப்படும். சிறுநீர்ப் பரிசோதனை அவ்வப்போது நடக்கும். இவற்றை எழுத்து மூலமான உடன்பாடாகவே கொள்வது நம்மவர்க்கும் பொருந்தும். நர்ஸுகள் கவுன்ஸிலில் அவரது பதிவு நடப்பில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். அவர் வரலாறு பொறுப்பாளர் ஒருவருக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். கிராம சபையில் விவாதிப்பதற்குரிய பொருளன்று.

மீண்டும் வழுக்கினால் அன்றே பணியை நிறுத்தி, டாக்டரிடம் அனுப்புக. தனியே விடலாகாது. சில மாதம் விட்டிருந்த உடல் பழைய அளவு மருந்தைத் தாங்காது. அதே அளவு இப்போது மூச்சையே நிறுத்திவிடும். நெடுநாள் குடித்தவர் டாக்டர் உதவியின்றித் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். ஆலோசனைக்கு மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. உயிருக்கு ஆபத்தெனில் 108-ஐ அழைக்க.