முள் சொல்வதை எஞ்சினிடம் கேட்டுப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காடு. ஆடித்தபசு முடிந்த கையோடு ஒரு பழைய டிராக்டர் வாங்கினேன். மூன்று சிலிண்டர் வண்டி. விற்றவர் மீட்டர் எல்லாம் புதிதாக மாட்டிக் கொடுத்தார். ஒன்பது கலப்பை போட்டு அரை மணி நேரம் உழுதால் ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. இரவில் லைட் போட்டு உழுதால் இன்னும் மேலே ஏறுகிறது. ஆனால் தண்ணீர் கொதித்து வெளியே வந்ததில்லை, குறைந்ததும் இல்லை. ஆயில் மீட்டர் காலையில் நன்றாகக் காட்டுகிறது, வண்டி சூடானபின் ஐடிலில் விட்டால் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. மணி மீட்டர் 2,140-ல் நின்றுவிட்டது. மெக்கானிக் எஞ்சினை இறக்க வேண்டும், எழுபதாயிரம் ஆகும் என்கிறார். புரட்டாசி விதைப்பு நெருங்குகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, எஞ்சினை இறக்காதீர்கள். இன்னும் ஒரு வாரத்துக்காவது வேண்டாம். உங்கள் கடிதத்தில் நீங்களே மூன்று துப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மூன்றும் எஞ்சினைக் காட்டுவதைவிட மீட்டரைத்தான் அதிகம் காட்டுகின்றன.

முதல் துப்பு, லைட். எஞ்சின் சூட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லைட்டைப் போட்டதும் முள் நகர்கிறது என்றால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். டாஷ்போர்டின் எர்த் ஒயர் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கும். லைட் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி இல்லாமல் மீட்டரின் அளவையும் சேர்த்துக் கெடுக்கிறது. இதைப் பார்க்க மெக்கானிக்கே தேவையில்லை. தடித்த ஒயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும், மறு முனையை டாஷ்போர்டில் மீட்டரின் எர்த் முனையிலும் வைத்துப் பிடியுங்கள். முள் சட்டென்று இறங்கினால் பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்தது. பேட்டரியிலிருந்து சேஸிக்கு வரும் பட்டை ஒயரையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள்.

இரண்டாவது துப்பு, புது மீட்டர். வாங்கும்போது அது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு அதுதான் சந்தேகம். மீட்டர் ஒரு கம்பெனி, எஞ்சினில் இருக்கும் சென்சார் வேறு கம்பெனி என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. இந்த சென்சார் சூடாக ஆக மின்தடை குறைவது, அதற்கேற்பத்தான் முள் ஏறும். ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு தடை அளவு வைத்திருக்கிறது. பொருந்தாத ஜோடியை மாட்டினால் 85 டிகிரியில் இருக்கும் எஞ்சினை மீட்டர் 105 என்று காட்டும், அதுவும் தினமும் ஒரே மாதிரி பிசகாமல் காட்டும். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. சென்சாரை மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைக் கனமாகச் சுற்றிவிடும் பழக்கமும் உண்டு. சென்சாருக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது என்பதால் அந்த டேப்பும் அளவைக் கெடுக்கும்.

சோதிக்கும் முறை இது. சாவியை ஆன் செய்து, சென்சாரில் இருக்கும் ஒயரைப் பிடுங்குங்கள். முள் குளிர்ந்த பக்கம் விழ வேண்டும். அதே ஒயரை ஒரு நொடி மட்டும் எஞ்சின் இரும்பில் தொடுங்கள். முள் உச்சிக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் உயிரோடுதான் இருக்கின்றன, பொருந்தாத சென்சார்தான் பாக்கி. பிடுங்கிய பிறகும் முள் மேலேயே நின்றால் ஒயர் எங்கேயோ உரசிப் பாடியில் படுகிறது. ஒரு எச்சரிக்கை: ஹெட்டிலிருந்து மீட்டருக்கு ஒயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் போனால் அது பழைய வகை. அதை மடக்கவோ வெட்டவோ கூடாது. இந்தச் சோதனையும் அதற்குப் பொருந்தாது.

இளவயதில் தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்தேன். அங்கே ரேடியேட்டர் கிடையாது, கடல் தண்ணீரைப் பம்ப் இழுத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே தள்ளும். எஞ்சினைக் கிளப்பியதும் ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்க மாட்டார். படகின் ஓரத்தில் எட்டி, தண்ணீர் விழுகிறதா என்றுதான் பார்ப்பார். உப்புக் காற்றில் ஒயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்து மீட்டர் மாதத்துக்கு ஒரு பேச்சுப் பேசும். கண்ணும் கையும் முதலில், முள் அதற்குப் பிறகு என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் வண்டியில் கையால் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும். உழுது நிறுத்தியதும் மேல் ஹோஸ் நன்றாகச் சுட வேண்டும், கீழ் ஹோஸ் அதைவிடக் கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும். கீழே சில்லென்று இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை. சரியான அளவு வேண்டுமென்றால் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி, தெர்மோஸ்டாட் மூடிக்குப் பக்கத்தில் காட்டுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது உதவாது, அது காய்ச்சல் அளவுக்கு மேல் காட்டாது. அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் இரும்பில் குறைத்துக் காட்டும், கறுப்பு ரப்பரிலோ பெயின்டிலோ காட்ட வேண்டும். உழவின் நடுவே 80 முதல் 95 வரை காட்டினால் எஞ்சின் நலமாக இருக்கிறது.

அதற்கு மேல் போனால் உண்மையான சூடுதான். அப்போதும் ஹெட்டைக் கழற்ற ஓடாதீர்கள். கரிசல் புழுதியும் மக்காச்சோளச் சருகும் ரேடியேட்டர் கண்களை அடைத்திருக்கும். பேன் காற்றை முன்னாலிருந்து இழுப்பதால் பின்னாலிருந்து முன்னால் தள்ளித்தான் கழுவ வேண்டும், பிரஷரைக் குறைத்து. பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. போர் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். சோற்றுப் பானையில் படியும் வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாயிலும் படியும். சுத்திகரித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள், உள்ளே அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். சூட்டோடு மூடியைத் திறந்துவிடாதீர்கள். ‘சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது இல்லாத எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமலே தேய்ந்துபோகும்.

ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்று பார்க்க, காலையில் குளிர்ந்த எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்புங்கள். நிற்காமல் குமிழி வந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தாலோ கேஸ்கட் வேலை உண்டு. உங்கள் மூன்றாவது துப்பு இங்கேதான் உதவுகிறது: தண்ணீர் குறையவில்லை என்கிறீர்கள், அதனால் இது இருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி ஆயில் மீட்டர். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சூடான ஆயில் இளகும், ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் இறங்குவது இயற்கை. எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி, அதற்கு இந்தப் புது மீட்டரின் சாட்சி செல்லாது. ஆயில் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த மரையில் குழாய் வைத்த மெக்கானிக்கல் கேஜை மாட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறைகளில் வைத்திருப்பார்கள். வண்டி நன்றாகச் சூடான பின் உழவு வேகத்தில் 30 பவுண்டுக்கு மேலும், ஐடிலில் 10 பவுண்டுக்கு மேலும் நின்றால் பேரிங்குக்கு ஆபத்தில்லை. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள நடுவண் அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. உங்கள் மாடலின் ஆயில் அழுத்தம் அதில் இருந்தால் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தால் முதலில் ஆயிலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, டிப் ஸ்டிக்கில் அளவும் ஏறியிருந்தால் டீசல் பம்ப் வழியாக ஆயிலில் டீசல் கலக்கிறது. அந்தக் கசிவை அடைத்து, ஆயிலும் பில்டரும் மாற்றினால் அழுத்தம் திரும்பிவிடும். அதற்கும் மசியாமல், அடியில் ‘டொக் டொக்’ என்று சத்தமும் கேட்டால் மெக்கானிக் சொன்னது சரி, வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஒரு சால் உழுதால்கூட கிராங்க் கெட்டுவிடும். எழுபதாயிரம் அதோடு நிற்காது.

மணி மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2,140-ஐ நம்பாதீர்கள், எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆயிலை இப்போதே மாற்றி, ஒரு நோட்டில் தேதி எழுதி ஓடும் மணியைக் குறித்து வாருங்கள். 250 மணிக்கு அடுத்த மாற்றம்.

எர்த், சென்சார், மெக்கானிக்கல் கேஜ், இந்த வரிசையிலேயே செய்யுங்கள். எல்லாம் ஒரு பகல் வேலை. கேஜில் வந்த இரண்டு எண்களையும், உழுது நிறுத்தியதும் எடுத்த சூட்டு அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்க்கும்வரை எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.