காப்பும் வட்டியும்

'காப்பு' என்னுஞ் சொல் கையணியையுங் குறிக்கும், பாதுகாவலையுங் குறிக்கும். வகுப்பிலே பன்முறை இவ்விரு பொருளையும் கூறிய நாம், அவையிரண்டும் ஒன்றாதலை 2022ஆம் ஆண்டிலேதான் உணர்ந்தோம்.

பொன் வட்டி தராது. ஆயினும் யாழ்ப்பாணத்து அன்னையர் அதனைப் பேணினர். அஃது அறியாமையென எண்ணிய நாம், எமது சிறு சேமிப்பை ரூபா வைப்பாகவே வைத்தோம். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிற்று. செப்தெம்பரிலே விலைவாசி முந்திய ஆண்டினும் 70 வீதமளவு உயர்ந்தது. எமது வைப்பு எண்ணிலே குறையவில்லை. வாங்கும் வலியிலே தேய்ந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்நாளிலே, பொன்னின் ரூபா விலை ஏறிற்று. பிற நாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணமும் கூடுதலான ரூபாவாயிற்று.

ஒரு முதலைத் தனியே நிறுத்தல் போதாது, ஏனையவற்றோடு அஃது எவ்வாறு ஏறியிறங்குகின்றதென நோக்கல் வேண்டுமென்று 1952இல் மார்க்கோவிச் என்னும் அறிஞர் காட்டினார். பின்வந்தோர் அதிலிருந்து விலையின் காரணத்தையும் விளக்கினர். துன்பக் காலத்தில் உதவும் முதலைச் சிறு வருவாய்க்கும் மக்கள் விரும்புவர். அக்காலத்தில் கைவிடுவதற்கோ இடர்க்கூலி கேட்பர்.

நாடுகளுக்கும் இஃதொக்கும். முன்னாளிலே நாடுகளிடைப் பொருளியலைக் கற்றோர் ஏற்றுமதி இறக்குமதிகளையும் வட்டி வீதத்தையுமே பெரிதும் நோக்கினர். எந்நாடு எவ்வகை முதலை வைத்திருக்கின்றது, எந்நாணயத்திற் கடன்பட்டுள்ளது என்பனவும் இன்று ஆராயப்படுகின்றன. இலங்கை 2007இல் தனது முதலாவது சர்வதேசப் பிணைமுறியை 50 கோடி டொலருக்கு, 8.25 வீத வட்டியில் வெளியிட்டது. அவ்வட்டியினுள்ளே இடர்க்கூலியும் அடங்கியிருந்தது. அரசின் வரி வருவாயோ ரூபாவில் வருவது. ஆதலால் ரூபா வீழ்ந்தபோது, தாங்க இயலாத வேளையிலேயே கடன் கனத்தது. 2022 ஏப்பிரில் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது.

2024 திசெம்பரிலே பழைய முறிகளுக்கு மாற்றாக வழங்கப்பட்டவற்றுட் சில, நாட்டின் மொத்த உற்பத்தி பெருகின் கூடுதலாகவும் குன்றின் குறைவாகவுங் கொடுக்கும் வகையின. சுமையைக் காலத்தோடு பொருத்தும் முயற்சி அது.

பொன்னே போதுமென்பது எமது கருத்தன்று. அதுவும் விலையிறங்கும், களவும் போகும். மாணாக்கரே, ஒரு முதல் எவ்வளவு தருமென்று கணிக்க உங்களுக்குக் கற்பித்தோம். எப்பொழுது தருமென்று வினவவும் இனிக் கற்பிப்போம்.