பிள்ளை சிகரெட்டை விட, பெற்றோர் செய்ய வேண்டியவை

டீன் ஏஜ் பிள்ளை புகைப்பது தெரிந்தால்:

• அடிக்காதீர்கள், உறவினர் முன் அவமானப்படுத்தாதீர்கள். எப்போது, யாருடன் இருக்கும்போது பிடிக்கத் தோன்றுகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

• புற்றுநோய் அவர்களுக்குத் தூரத்து விஷயம். வாய் நாற்றம், விளையாட்டில் மூச்சு வாங்குவது, செலவாகும் பாக்கெட் மணி பற்றிப் பேசுங்கள்.

• விடும் நாளை அவர்களே குறிக்கட்டும். தேர்வு நேரம் வேண்டாம்.

• புகைக்கும் ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், பொட்டுக்கடலை மெல்லலாம், சற்று நடக்கலாம்.

• முதல் வாரம் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கும். நிகோட்டின் நின்றதன் விளைவு அது. திமிர் என்று நினைத்துவிடாதீர்கள்.

• இ-சிகரெட் மாற்று வழி அல்ல. பெரும்பாலானவற்றில் நிகோட்டின் உண்டு. இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்குத் தடை. நிகோட்டின் சூயிங்கத்தையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

• வீட்டில் அப்பா புகைத்தால், அவரும் அதே நாளில் நிறுத்தட்டும்.

• இடையில் ஒன்று பிடித்துவிட்டால் முயற்சி தோற்றதாகாது. என்ன தூண்டியது என்று பார்த்து, அன்றே தொடருங்கள்.

• மத்திய அரசின் கட்டணமில்லா ஆலோசனை எண்: 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலும் இந்த எண் இருக்கும்.