டிரைவர் இல்லாத ரயிலுக்கு எக்ஸெல்லில் ஒரு திட்டம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல்லைத் திறந்து, கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுபவர்கள் அதிகம். சாப்ட்வேர் இன்ஜினியரான நான் எந்தப் புரோகிராமை எழுதத் தொடங்கும் முன்பும் எக்ஸெல்லில்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நகரத்திற்கு டிரைவர் இல்லாத லைட் ரயில் அமைப்பதற்கான முதல் கணக்கைக் கூட ஆறே செல்களில் போட்டுவிடலாம். எப்படி என்று பார்ப்போமா?

டிரைவரின் வேலையை யார் செய்வது?

இவ்வகை ரயிலில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு பிரிவு ரயிலைக் கிளப்புகிறது, வேகம் கூட்டுகிறது, நிலையத்தில் நிறுத்துகிறது. மற்றொரு பிரிவு முன்னால் செல்லும் ரயிலுக்கும் நம் ரயிலுக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று கண்காணிக்கிறது. இல்லையென்றால் பிரேக் போட்டுவிடும்.

"என் கம்ப்யூட்டர் போல அதுவும் ஹேங் ஆனால்?" என்று கேட்பீர்கள். தகவல் வருவது நின்றுபோனால் ரயிலும் நின்றுவிட வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி. சில அமைப்புகளில் மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கைப் போடும். இரண்டின் விடையாவது ஒத்துப் போனால்தான் கட்டளை செல்லும்.

ஷீட் தயாரிக்கும் முறை

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். பார்முலாக்களை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். ரவுண்ட்அப் என்பதை இடைவெளி இன்றி ஒரே சொல்லாக அமைக்கவும். இனி வரும் எண்கள் பயிற்சிக்காக நான் எடுத்துக் கொண்டவை.

பி1: நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் செல்லும் பயணிகள் - 4500
பி2: ஒரு ரயிலில் ஏறக் கூடியவர்கள் - 300
பி3: ரயில் போய்த் திரும்ப ஆகும் நிமிடங்கள் - 40
பி4: ஒரு மணி நேரத்திற்கு எத்தனை ரயில்? =ரவுண்ட்அப்(பி1/பி2,0)
பி5: இரு ரயில்களுக்கு இடையே எத்தனை வினாடி? =3600/பி4
பி6: மொத்தம் எத்தனை ரயில் ஓட வேண்டும்? =ரவுண்ட்அப்(பி3*60/பி5,0)

விடைகள் முறையே 15, 240, 10 என வரும். அதாவது 4 நிமிடத்திற்கு ஒரு ரயில். முன்பின் பார்க்காமல் நிலையத்திற்கு வருபவர் சராசரியாக 2 நிமிடம் காத்திருப்பார்.

இப்போது பி2 செல்லில் 600 என மாற்றுங்கள். ரயிலின் நீளம் இரு மடங்கு. விடைகள் 8, 450, 6 என மாறும். காத்திருக்கும் நேரம் 3 நிமிடம் 45 வினாடி. 10 டிரைவருக்குப் பதில் 6 டிரைவர் போதும் என்பதால், டிரைவர் உள்ள ரயிலில் நிர்வாகம் நீளமான ரயிலையே விரும்பும். டிரைவர் இல்லாவிட்டால் இந்தக் கவலை இல்லை. குட்டி ரயில்களை அடிக்கடி விடலாம். பிளாட்பாரமும் சிறியதாக இருந்தால் போதும், கட்டுமானச் செலவும் குறையும்.

லண்டனில் நடந்தது

இதே வழியில் சென்றது லண்டனின் டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே. 1987-ல் 11 ரயில்கள், 15 நிலையங்களுடன் தொடங்கியது. செலவு 7.7 கோடி பவுண்டு. பழைய ரயில் பாதைகளையும் பாலங்களையும் பயன்படுத்தியதால் செலவு குறைந்தது. ரயிலை ஓட்டுவது கம்ப்யூட்டர். கதவுகளையும் பயணிகளையும் கவனிக்க ஓர் ஊழியர் உள்ளே இருப்பார்.

பின்னர் கேனரி வார்ஃபில் பெரிய அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. கூட்டம் பெருகியது. முதலில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் மட்டுமே என்ற முறை இருந்தது. 1990-களின் நடுப்பகுதியில் அதை மாற்றி, ஓடும் ரயிலோடு சேர்ந்தே நகரும் பாதுகாப்பு இடைவெளியைக் கணக்கிடும் செல்ட்ராக் முறையைக் கொண்டு வந்தார்கள். இதனால் ரயில்களை இன்னும் நெருக்கமாக ஓட்ட முடிந்தது.

ஆனால் சிமென்ட்டில் கட்டியதை அவ்வளவு எளிதில் மாற்ற முடியவில்லை. ஒரு பெட்டித் தொடருக்காகக் கட்டிய பிளாட்பாரங்களை முதலில் இரண்டுக்கும், பிறகு மூன்றுக்கும் நீட்டினார்கள். சவுத் கீ நிலையத்தை நீட்ட வழியின்றி, 2009-ல் வேறு இடத்திற்கே மாற்றினார்கள். பூமிக்கடியில் உள்ள கட்டி சார்க் நிலையத்தில் பிளாட்பாரத்தை நீட்டவில்லை. அங்கே நீண்ட ரயில் நிற்கும்போது முனைகளில் உள்ள கதவுகள் திறக்காது.

பி1 செல்லைக் கவனியுங்கள்

மீண்டும் பி2-ல் 300 போட்டு, பி1-ல் 10000 என டைப் செய்யுங்கள். 34 ரயில்கள், சுமார் 106 வினாடி இடைவெளி என வரும். நீங்கள் வாங்கிய சிக்னல் அமைப்பு 120 வினாடிக்குக் குறைவாக ரயில் விடாது என்றால்? மணிக்கு 30 ரயில், 9000 பேர். மீதி 1000 பேர் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். பி2-ஐ 600 ஆக்கினால் 17 ரயில்களில் எல்லோரும் போய்விடலாம். ஆனால் அதற்கு நீளமான பிளாட்பாரம் வேண்டும்.

எனவே ரயில் சிறியதாகவே தொடங்கட்டும். பிளாட்பாரத்தை நீட்டுவதற்கான இடத்தை மட்டும் முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். சாப்ட்வேரைப் பிறகு அப்டேட் செய்து கொள்ளலாம். பூமிக்கடியில் உள்ள சுவரை அப்படிச் செய்ய முடியாது. இந்த ஷீட்டை சேவ் செய்து வைத்துக் கொண்டு, பி1-ல் வேறு வேறு எண்களைக் கொடுத்துப் பாருங்கள்.